எல்க் வில்வேட்டையில் கிரிஸ்லி கரடி எதிர்ப்பட்டால் என்ன செய்வது?

போஸ்மேன்வாசி கேட்டது:

வணக்கம். செப்டம்பரில் மொன்டானாவின் கலட்டின் மலைத்தொடரில் எல்க் என்னும் பெரிய மானை வில்வேட்டையாட மூன்று பேர் போகிறோம். உரிமம், வில்வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் தயார். அம்பு, குறி, மான் தேடும் இடம் பற்றிய கேள்வி இல்லை. கேள்வி முழுக்கக் கரடியைப் பற்றியது.

நம்மில் பலருக்குக் கரடி என்றால் பள்ளிக்கூடத்துக் கதைதான்: ஒருவன் மரம் ஏறுவான், இன்னொருவன் மூச்சை அடக்கிப் படுப்பான், கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நிஜத்தில் படுக்க வேண்டுமா, கூடாதா? கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே போதுமா, கைத்துப்பாக்கியும் வேண்டுமா? எல்க் விழுந்தால் ஒரே நடையில் கறியைக் கொண்டுவர முடியாது. மிச்சத்தை எடுக்கத் திரும்பிப் போகும்போது கரடி அங்கே உட்கார்ந்திருந்தால்? மூஸ் என்னும் பெரும் மான், மலைச்சிங்கம் (பூமா) பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் எச்1பி விசாவில் இருக்கிறார், அதையும் கணக்கில் வைத்துப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைத்தடம் பதில்:

தம்பி, மலையேற்றக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரை வேட்டைக்காரர்களுக்குப் பாதிதான் பொருந்தும். சத்தம் போட்டுக்கொண்டு நடங்கள், விடியலிலும் அந்தியிலும் நடக்காதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள் என்பார்கள். வில்வேட்டையில் இவை அத்தனையையும் மீறியாக வேண்டும். உடம்பு வாடையை மறைத்து, காற்றை முகத்தில் வாங்கி, விடியலில், புதர்க்காட்டுக்குள், மூச்சுக்கூடக் கேட்காமல் போகிறீர்கள். போதாக்குறைக்கு எல்க் மாதிரி குரலும் கொடுக்கிறீர்கள். கரடிக்கு நீங்கள் இருப்பது தெரிய வழியே இல்லை. தெரிந்தாலும் எல்க் என்றுதான் தெரியும். ஆகவே கரடி சந்திப்பைத் தற்செயல் என்று நினைத்துப் போகாதீர்கள். நம் வேலையே அதை வரவழைக்கிறது என்று எடுத்துக்கொண்டு தயாராகுங்கள்.

பருவமும் அதற்குத் தோதானது. குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கிரிஸ்லி கொழுப்பு சேர்க்கும் காலம் அது. ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைகூடத் தின்னும். நாளின் பெரும்பகுதி இரை தேடியே அலையும். 1975-இல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த 48 அமெரிக்க மாநிலங்களில் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தபோது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் நூற்று முப்பத்துச் சொச்சம் கரடிகள்தான் மிஞ்சியிருந்தன. இன்று அங்கே சுமார் ஆயிரம். நீங்கள் போகும் கலட்டின் அந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது.

எங்கே இருக்கும் என்பதைத் தரையே சொல்லும். உயரத்தில் வெள்ளைப்பட்டைப் பைன் நிற்கும் இடங்களில் செவ்வணில்கள் பைன் காய்களைக் குவித்துப் புதைத்து வைக்கும். அந்தக் குவியலைத் தோண்டிப் போட்டு, காய்ச்செதில்கள் சிதறிக் கிடந்தால் கிரிஸ்லி வேலை. அதே உயரத்தில் பாறைச்சரிவுகளில் கல்லைப் புரட்டிப் போட்டிருந்தால் அந்துப்பூச்சி தின்ன வந்திருக்கிறது. புதிதாகப் புரண்ட கல்லின் அடிப்பக்கம் ஈரம் காயாமல் இருக்கும். அதைப் பார்த்தால் அன்றைக்கு அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். எல்க் வேறு சரிவிலும் கிடைக்கும்.

நிறத்தை வைத்துக் கரடியை அடையாளம் காணாதீர்கள். மொன்டானாவில் கருங்கரடி பழுப்பாகவும் செம்பட்டையாகவும் இருக்கும். கிரிஸ்லிக்குத் தோள்மேல் திமில் உண்டு. முகம் நடுவில் குழிந்திருக்கும். காது சின்னதாய் வட்டமாய் இருக்கும். முன்னங்கால் நகம் 5 முதல் 10 சென்டிமீட்டர், மண்ணில் விரல் தடத்துக்கு வெகு முன்னால் தனியாகப் பதியும். கருங்கரடிக்குத் திமில் கிடையாது, பின்புறம்தான் உயரம், முகம் நேர்க்கோடு, நகம் குட்டை.

இப்போது ஸ்ப்ரே. வாங்கும்போது குப்பியில் பாருங்கள்: கரடிக்கென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவான எண், 1 முதல் 2 சதவீதம் கேப்சைசின் வகைக் காரம், குறைந்தது 225 கிராம், குறைந்தது 6 வினாடி, 25 அடிக்குக் குறையாத வீச்சு. மனிதர்களுக்கெனக் கைப்பையில் வைக்கும் மிளகாய் ஸ்ப்ரே இதற்கு உதவாது. அது மெல்லிய தாரையாகப் போகும். இது பெரிய மேகமாகப் பரவும், பரவத்தான் வேண்டும். ஆளுக்கு ஒன்று. மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று என்றால் அது யாரிடம் இருக்கிறதோ அவரைக் கரடி தேடி வராது.

கிரிஸ்லி பாய்ந்தால் மணிக்கு 56 கிலோமீட்டர். 30 மீட்டரில் இருந்து கிளம்பினால் உங்களிடம் வந்து சேர இரண்டு வினாடி. முதுகுப்பைக்குள் இருக்கும் குப்பிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. இடுப்பு வாரில் அல்லது மார்புப் பட்டையில், கண்ணால் பார்க்காமல் கை போகும் இடத்தில் இருக்க வேண்டும்.

இயக்குவது இப்படி: கை உறைக்குப் போகிறது, கட்டைவிரல் பாதுகாப்புக் கிளிப்பின் வளைந்த நுனியைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றுகிறது, அதே கட்டைவிரல் விசைமேல் உட்காருகிறது, குப்பி இடுப்புக்கு மேல் வந்ததும் கரடிக்கு முன்னால் உள்ள தரையை நோக்கிச் சற்றுத் தாழ்த்தி அழுத்துகிறீர்கள். கரடி 30 முதல் 60 அடி தூரத்துக்குள் வரும்போது ஆரம்பியுங்கள். அது ஓடி வந்து மேகத்துக்குள் நுழைய வேண்டும். முகத்துக்கு நேரே பிடித்தால் மேகம் தலைக்கு மேலே போய்விடும். ஒன்று, இரண்டு வினாடி அடித்து நிறுத்திப் பாருங்கள். வந்துகொண்டே இருந்தால் மறுபடி, முகத்தைக் குறிவைத்து. திரும்பியதும் அங்கே நிற்காமல் விலகுங்கள், ஓடாமல்.

குப்பியை உறையோடு சேர்த்து விசையை அழுத்தியும் அடிக்கலாம், சில உறைகள் அதற்கு ஏற்றபடி அடி திறந்திருக்கும். வாங்கும்போது பாருங்கள். மிக நெருக்கத்தில் அதுவே உயிர்.

காரம் இல்லாத பயிற்சிக் குப்பி கடைகளில் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, முதுகுப்பை மாட்டிக்கொண்டு, வில் கையில் இருக்கும்போது எடுத்துப் பழகுங்கள். சும்மா நின்றுகொண்டு பழகியது காட்டில் கை கொடுக்காது.

கறிக்கூடை பதில்:

மலைத்தடம் அண்ணன் சொன்னதில் அறுப்பு பற்றி இன்னும் வரவில்லை. எனக்குக் கேட்டால் முழு வேட்டையிலும் அதுதான் ஆபத்தான மணிநேரம். குனிந்திருப்பீர்கள், முழங்கை வரை ரத்தம், கண் கத்தியில், காது எதிலும் இல்லை, ஸ்ப்ரே கழற்றி வைத்த பையோடு ஐந்தடி தள்ளி.

அம்பு பட்ட எல்க் உடனே விழாது. நுரையீரலில் பட்டதென்றால் அரைமணி நேரம் பொறுத்துத் தடம் பிடிப்போம்; குடலில் பட்டிருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணிநேரம் விட வேண்டியிருக்கும். அந்த நேரம் முழுக்க ரத்த வாடை காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே மாலையில் குடலில் பட்டு, காலையில் தேடிப் போகிறீர்கள் என்றால் கரடி உங்களுக்கு முன்னால் போயிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். தொலைவில் எய்வதைத் தவிர்ப்பதற்கும், நல்ல கோணம் கிடைக்காமல் எய்யாமல் இருப்பதற்கும் இதுவும் ஒரு வலுவான காரணம்.

மூன்று பேர் இருக்கிறீர்கள், நல்லது. ஒருவர் அறுக்கட்டும், ஒருவர் காலைப் பிடித்துக் கொடுக்கட்டும், மூன்றாமவர் கத்தியைத் தொடவே கூடாது. அவர் வேலை நின்று பார்ப்பது மட்டும். காற்று போகும் பக்கத்தை அதிகமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாடை பிடித்து வரும் கரடி அங்கிருந்துதான் வரும். ஸ்ப்ரே கையில். அவ்வப்போது உரக்கப் பேசுங்கள். எல்க் விழுந்தபின் அமைதிக்கு அவசியம் இல்லை.

வயிற்றைத் திறக்காமல் அறுக்கும் முறைதான் கிரிஸ்லி நாட்டுக்குச் சரி. நேரம் மிச்சம், குடல் வாடையும் குறைவு. எல்க்கைப் பக்கவாட்டில் கிடத்தி, பின்கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்பின்மேல் தோலைக் கீறி, வயிற்றுப் பக்கமாகப் பாய் விரித்தாற்போல் உரித்துக்கொண்டு வாருங்கள். உரித்த தோலே கறி மண்ணில் படாமல் காக்கும் விரிப்பு. முன்தொடைக்கு மூட்டெலும்பு இணைப்பே கிடையாது. காலைத் தூக்கிப் பிடித்தால் தோள்பட்டைக்கும் விலாவுக்கும் நடுவில் கத்தி தானாக வழி கண்டுகொள்ளும். பின்தொடையை இடுப்பெலும்பை ஒட்டியே அறுத்துக்கொண்டு போனால் பந்துக்கிண்ண மூட்டு தட்டுப்படும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தசைநாரை வெட்டினால் கால் கழன்று கையில் வரும். பிறகு முதுகெலும்பை ஒட்டிய நீள முதுகுக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு, குடலை உள்ளுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முதுகெலும்பின் அடிப்பக்கக் கறியை விரலாலேயே பிரித்து எடுத்துவிடலாம். அப்புறம் புரட்டிப் போட்டு மறுபக்கம். பழகிய இரண்டு பேருக்கு ஒன்று, ஒன்றரை மணிநேரம். ஆண், பெண் அடையாளத்தைக் கறியோடு விட்டுவைக்கும் விதியை மறக்காதீர்கள். அந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் எதை, எப்படி என்று இருக்கும்.

ஒரு பெரிய ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்போடு ஒரு பின்தொடையே 25, 30 கிலோ வரும். மூன்று பேர் என்றாலும் இரண்டு நடை வேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள்: முதல் நடைக்கான கறியைத் தூக்கிக்கொண்டு, மிச்சத்தை எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலேயே மரத்தடியில் விட்டுப் போய்விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அறுக்க அறுக்கவே கறிப்பைகளை நூறு யார்டுக்கு அப்பால், காற்று வரும் பக்கமாகக் கொண்டுபோய் வையுங்கள். கரடி வந்தால் எலும்புக்கும் குடலுக்கும் வரட்டும். கிளம்புமுன் கறியை மரத்தில் ஏற்றிவிடுங்கள்: தரையிலிருந்து 10 அடி, அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளி. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி அதில் தூக்குவதுதான் சுலபம். 30 கிலோவை வெறுங்கையால் இழுத்து ஏற்ற முடியாது, சின்னக் கப்பி இரண்டும் 25 மீட்டர் கயிறும் எடுத்துப் போங்கள். முகாமிலும் இதே கணக்கு. கூடாரத்துக்கும் கறிக்கும் இடையில் குறைந்தது நூறு யார்டு.

தொங்கவிடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே திரும்பி வருவதை யோசியுங்கள். 200 யார்டு தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்க முடிகிற திறந்த இடம் வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறப் பட்டையைக் கட்டி வையுங்கள். புதருக்குள் ஒளித்து வைத்தால் மனிதக் கண்ணுக்கு மட்டும்தான் ஒளிவு.

திரும்பி வரும்போது காற்று உங்கள் முதுகில் அடிக்கும்படி வாருங்கள். வேட்டைக்காரர் புத்திக்கு இது நேர்மாறு, ஆனால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். சத்தம் போட்டுக்கொண்டே வாருங்கள். தூரத்தில் நின்று, பத்து நிமிடம் பைனாகுலரில் பாருங்கள். அண்டங்காக்கைகள் தரையில் இறங்கித் தின்றுகொண்டிருந்தால் நல்ல அறிகுறி. மரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டு, கீழே இறங்காமல் இருந்தால் கீழே வேறு யாரோ இருக்கிறார்கள்.

எலும்புக்கூட்டின்மேல் மண்ணும் புல்லும் சுள்ளியும் குவித்து மூடியிருந்தால் கதை முடிந்தது. அது கரடியின் சொத்து. கரடி கண்ணில் படாவிட்டாலும் 50 அடிக்குள் படுத்திருக்கக்கூடும். வந்த வழியே, முகத்தைத் திருப்பாமல் பின்வாங்கி, சிக்னல் கிடைக்கும் இடம் வந்ததும் மாநில வனவிலங்குத் துறைக்குப் போன் செய்யுங்கள். எல்க் போனது போனதுதான். கரடியை விரட்டிக் கறியை மீட்க முயல்வதுதான் இந்த மலைகளில் வேட்டைக்காரர்கள் கடிபடுவதற்குத் தெரிந்தே தேடிக்கொள்ளும் காரணம்.

வில்லும்சொல்லும் பதில்:

வில் பற்றி மட்டும் ஒரு சேர்க்கை. வலக்கைக்காரர் இடக்கையில் வில் பிடிக்கிறார், நாண் விடுபடும்போது இடப்பக்க மார்பையும் முன்கையையும் உரசிப் போகிறது. அதனால் ஸ்ப்ரேயை இடப்பக்க மார்பில் கட்டினால் நாண் மாட்டும். அம்பும் கெடும், நாணும் கெடும். வலது இடுப்பு, அல்லது பைனாகுலர் பட்டைக்கு நேர் கீழே, குறுக்காக. அம்புக்கூட்டை வில்லிலேயே பொருத்திக்கொண்டால் இடுப்பு காலியாக இருக்கும்.

மணிக்கட்டில் கட்டும் நாண் விடுவிப்பான் வைத்திருப்பவர்கள் அதை மடித்துச் சட்டைக் கைக்குள் செருகிப் பழகுங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் ஸ்ப்ரே விசையில் மாட்டிக்கொள்ளும். கரடி வந்தால் வில்லைக் கீழே போடத் தயங்காதீர்கள். அம்பால் பாயும் கரடியை நிறுத்த முடியாது; அம்பு கொல்வது ரத்தம் வடிந்து, அதற்கு நேரமாகும்.

குரல் கொடுத்து அமரும்போது: எய்பவர் முன்னால், குரல் கொடுப்பவர் 40, 50 மீட்டர் பின்னால் என்பதுதான் வழக்கம். எல்க்கும் சரி, கரடியும் சரி, காற்று போகும் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வரும். கரடி பின்னால் இருப்பவரிடம் போய்ச் சேரும், அவர் கையில் எல்க் குரல் கொடுக்கும் குழல் மட்டும் இருக்கும். பெரிய அடிமரத்துக்கோ விழுந்த மரத்தின் வேர்ச்சுவருக்கோ முதுகைக் கொடுத்து உட்காருங்கள். மூன்றாமவர் பின்னவரோடு இருந்து, பின்பக்கம் பார்க்கட்டும். இலை சரசரப்பு கேட்டும் எல்க் பதில் குரல் கொடுக்கவில்லை என்றால் எழுந்து நின்று பாருங்கள். அமைதியாக வரும் எல்க்கும் உண்டு. ஆனால் அதை இழப்பது சின்ன நஷ்டம்.

மலைக்காற்று காலையில் வெயில் ஏறும்வரை கீழ்நோக்கியும், சரிவு சூடானதும் மேல்நோக்கியும், மாலையில் மறுபடி கீழ்நோக்கியும் வீசும். மாறுகிற அந்த நேரத்தில் உட்கார்ந்த இடத்தையும் மாற்றுங்கள்.

போஸ்மேன்வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கண் திறந்தது. இன்னும் இரண்டு: கரடி மேலேயே விழுந்துவிட்டால் படுப்பதா, அடிப்பதா? துப்பாக்கி பற்றி யாரும் சொல்லவில்லையே?

மலைத்தடம் பதில்:

கதையில் வரும் இருவரும் கரடியைப் பார்த்ததுமே செயல்படுகிறார்கள், அதுதான் சிக்கல். பார்த்ததும் படுக்கக் கூடாது. படுப்பது கரடி உடம்பைத் தொட்ட பிறகு. பார்த்ததும் நில்லுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள், கிளிப்பைக் கழற்றுங்கள். அது நின்றால் பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். பாய்ந்து வந்து பாதியில் நிற்கும் பொய்ப்பாய்ச்சல் நிறைய உண்டு. ஆனால் எது பொய், எது நிஜம் என்று அந்த இரண்டு வினாடியில் கணிக்க வேண்டாம், 60 அடிக்குள் வந்தால் ஸ்ப்ரே அடியுங்கள். மரம் ஏறுவதற்கு நேரமே கிடைக்காது. கருங்கரடி நம்மைவிட நன்றாக ஏறும், கிரிஸ்லியும் ஏறக்கூடியதுதான்.

தொட்டுவிட்டால் இரண்டு வகை. குட்டியோடு இருந்தது, இரையின்மேல் இருந்தது, திடுக்கிட்டது என்றால் அது தற்காப்பு. குப்புறப் படுங்கள், விரல்களைப் பின்கழுத்தில் கோத்து, முழங்கைகளால் முகத்தின் பக்கங்களை மூடி, கால்களை அகட்டி. பையைக் கழற்றாதீர்கள், முதுகைக் காப்பது அதுதான். புரட்டினால் உருண்டு மறுபடி குப்புற வாருங்கள். கத்த வேண்டாம். ஆபத்து ஒழிந்தது என்று தோன்றினால் அது விட்டுவிடும். விட்டதும் எழுந்திருப்பதுதான் இரண்டாம் தாக்குதலுக்கு அழைப்பு. பல நிமிடம் அசையாமல் கிடந்து, போய்விட்டது உறுதியானபின் எழுங்கள்.

மறு வகை: பதற்றமே இல்லாமல், காதை நிமிர்த்தி, உங்களையே பார்த்துப் பின்தொடர்ந்து வருவது, இரவில் கூடாரத்துக்குள் வருவது, படுத்த பின்னும் விடாமல் கடித்துக்கொண்டே இருப்பது. இதில் படுத்தால் முடிந்தது. எந்தக் கரடியானாலும் கண்ணிலும் மூக்கிலும் அடியுங்கள், கல், கத்தி, கையில் கிடைத்தது எதுவானாலும். கருங்கரடி தாக்கினால் பெரும்பாலும் போராடத்தான் வேண்டும்.

துப்பாக்கி பற்றி: அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்ப்ரே பயன்படுத்திய 83 நிகழ்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். பழுப்புக்கரடிகளின் (கிரிஸ்லியும் இதே இனம்தான்) வேண்டாத நடத்தையை 92 சதவீத முறை ஸ்ப்ரே நிறுத்தியது. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமில்லை. காற்று இடைஞ்சல் செய்ததாகச் சொன்னது 7 சதவீத நிகழ்வுகளில்தான். அதே குழுவினர் 2012-இல் வெளியிட்ட துப்பாக்கி ஆய்வில் 269 நிகழ்வுகள். துப்பாக்கியைப் பயன்படுத்தியவர், பயன்படுத்தாதவர் இருவருக்கும் காயமடையும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்ப்ரே ஆய்வில் இருந்தவை எல்லாமே முரட்டுப் பாய்ச்சல் இல்லை, சில ஆர்வத்தால் வந்த கரடிகள், ஆகவே இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் பாயும் மிருகத்தின் துள்ளும் தலையைச் சுடுவதைவிட, அதன் வழியில் மேகம் போடுவது பயந்த கைக்கு எளிது. இது என் உறுதியான கருத்து.

எச்1பி நண்பருக்கு: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குடியேறாத விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமத்தின் தேதி முடிந்தால் விலக்கும் முடிந்தது. விசா விவகாரம் என்பதால் வழக்கறிஞரிடம் கேட்காமல் தோட்டா பெட்டியைக்கூட அவர் பெயரில் வைக்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஸ்ப்ரேக்கு இதெல்லாம் பொருந்தாது. தற்காப்புக்காகக் கிரிஸ்லியைக் கொன்றுவிட்டால் ஐந்து நாட்களுக்குள் கூட்டாட்சி வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உடனே மாநிலத் துறைக்கும் சொல்லுங்கள், உடலை அசைக்காதீர்கள், நகம்கூட எடுக்காதீர்கள்.

அந்த மலையில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று, ரத்தப்போக்கை நிறுத்த ஆளுக்கொரு இறுக்குப் பட்டி, ரத்தம் உறையவைக்கும் காஸ் துணி. இறுக்குப் பட்டி கை, காலுக்கு மட்டும். தலையில் கடிபட்டால் ரத்தம் கொட்டும். காஸை வைத்துப் பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இந்தப் பெட்டி கரடிக்குத் தேவைப்படாவிட்டாலும் அம்புமுனைக் கத்திக்குத் தேவைப்படும்.

வடதிசைக்காடு (ஒன்டாரியோ) பதில்:

மூஸ் பற்றிக் கேட்டிருந்தீங்கள். எங்கடை பக்கம் கரடியை விட அதுதான் கன பேரைத் திடுக்கிட வைக்கும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் ஆண் மூஸுக்கு இணை சேரும் காலம். எல்க் குரலுக்கும் வந்து நிக்கும். காதைப் பின்னுக்கு மடிச்சு, பிடரி மயிர் சிலிர்த்து, நாக்காலை உதட்டை நக்குதெண்டால் அடுத்தது பாய்ச்சல்தான். கரடிக்குச் சொன்னது இதுக்கு எதிர்மாறு: ஓடுங்கோ. வடிவான பெரிய மரத்துக்குப் பின்னாலை போய் நில்லுங்கோ, மரத்தைச் சுத்திச் சுத்தி நீங்கள் வேகமாத் திரும்பலாம், அதாலை ஏலாது. விழுந்திட்டால் சுருண்டு தலையைப் பொத்துங்கோ, அது தள்ளிப் போகுமட்டும் எழும்பாதேங்கோ. ஸ்ப்ரே மூஸுக்கும் வேலை செய்யும்.

மலைச்சிங்கம் கன்றுக்குரலுக்கும் பெட்டை எல்க் குரலுக்கும் வரும். சத்தமே இராது. கண்டால் ஓடவும் கூடாது, குனியவும் கூடாது. குந்தியிருந்தால் உடனே எழும்புங்கோ. கண்ணை எடுக்காமல், கையை உயர்த்தி, உரத்துக் கத்தி, கல்லெறியுங்கோ. பாய்ஞ்சால் திருப்பி அடியுங்கோ, படுக்க வேண்டாம்.

கனடாவிலை இருந்து சேர வாறாக்கள் இருந்தால்: கரடி ஸ்ப்ரேயை விமானத்திலை கைப்பையிலும் கொண்டு போகேலாது, ஏத்துற பெட்டியிலும் போடேலாது. போய் இறங்கின ஊரிலை வாங்குங்கோ.

சத்தியவனம் (ஈரோடு) பதில்:

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்காக மட்டும். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி வேட்டை குற்றம், அதனால் மேலே சொன்னதில் வேட்டைப் பகுதி நமக்கில்லை. ஆனால் சத்தியமங்கலத்திலும் நீலகிரியிலும் கரடியோடு வாழ்கிற தோட்டத் தொழிலாளர்களும் சுள்ளி பொறுக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நம்மூர்க் கரடி வேறு இனம். கரையான் புற்றையும் பழத்தையும் தேடுவது, பார்வை மங்கல், முகத்தைத்தான் தாக்கும். பெரும்பாலும் கிட்டத்தில் திடுக்கிட்டுத்தான் பாயும். ஆகவே நமக்கு உதவுவது சத்தம்தான்: பேசிக்கொண்டு, கம்பைத் தட்டிக்கொண்டு, வெளிச்சம் போட்டுக்கொண்டு, கூட்டமாக நடப்பது. விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக் குப்புறப் படுப்பது இங்கேயும் சரி.

கறிக்கூடை பதில்:

போஸ்மேன்வாசி, ஒன்று விட்டுப்போயிற்று. குப்பியில் காலாவதித் தேதி இருக்கும், பொதுவாக மூன்று, நான்கு வருடம். தேதி தாண்டினால் காரம் இருந்தாலும் உந்துவாயு அழுத்தம் குறைந்திருக்கலாம். பகலில் காருக்குள் விடாதீர்கள், 50 டிகிரி தாண்டினால் வெடிக்கலாம். இரவில் பனி உறைந்தால் அழுத்தம் குறைந்து வீச்சு சுருங்கும், தூக்கப்பைக்குப் பக்கத்தில் வையுங்கள். கூடாரத்தின்மேலோ பையின்மேலோ முன்கூட்டி அடித்து வைப்பது வேண்டாம். காற்றில் பறக்கும் மேகம்தான் கரடியை விரட்டும். துணியில் காய்ந்த எச்சத்தை அது மோப்பம் பிடித்து வந்து புரளும்.

செப்டம்பர் முதல் வாரம் கடைகளில் குப்பி தீர்ந்துவிடும். ஆகஸ்டிலேயே மூன்று நிஜக் குப்பியும் ஒரு பயிற்சிக் குப்பியும் வாங்கிவிடுங்கள்.